ஆறாம் கூடைக்குச் சாட்சி

லோவல் அம்டாலுக்கு ஊரில் இரண்டு பெயர். ஒன்று அவன் அப்பா வைத்தது. இன்னொன்று பெவர்லி வைத்தது: நீதிபதி. கறுப்பு அங்கி போட்டால்தான் நீதிபதி என்றில்லை. டீசல் கறை படிந்த கால்சட்டையும் நகராட்சித் தொப்பியும் போட்டுக்கொண்டு லண்டீன் பூங்காவில் புல் வெட்டுகிறவனும் நீதிபதி ஆகலாம் என்பதற்கு அவனே அத்தாட்சி.

வயது ஐம்பத்தாறு. கோடையில் புல்வெட்டும் வண்டி, குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி என்று இருபத்தேழு வருடத்தை இரண்டு இருக்கைகளில் உட்கார்ந்தே ஓட்டியவன். மனைவி பிரிந்துபோய்ப் பதினோரு வருடம் ஆகிறது. "உன்கூட வாதாடி யாராலயும் ஜெயிக்க முடியாது, லோவல்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதை அவன் ரொம்ப நாள் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

பூங்காவுக்கு டிஸ்க் கால்ஃப் வந்ததே அவனால்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் பழசாகிவிட்டது என்று கழித்துப் போட்ட ஒன்பது கூடைகளை நகராட்சி லாரியில் ஏற்றி வந்து, தானே பள்ளம் தோண்டி, சிமெண்ட் ஊற்றி நட்டான். ஒரு இரும்புக் கம்பம், அதில் ஒரு கம்பிக் கூடை, கூடைக்கு மேலே வட்டமாகத் தொங்கும் சங்கிலிகள். எறிகிற பிளாஸ்டிக் தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். எத்தனை எறியில் விழுந்தது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். பூங்காவோ கைக்குட்டை அளவு. இரண்டாம் கூடைக்கு எறிவதானால் ஊஞ்சலில் ஆடும் பிள்ளைகள் இறங்கும்வரை நிற்க வேண்டும். ஐந்தாம் கூடை குளத்தங்கரையில் இருக்கிறது. வாத்து எச்சத்தை மிதிக்காமல் அந்தக் கூடையை முடித்தவர் இதுவரை பிறக்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். லோவல் ஒருவன். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கும் பெவர்லி, அறுபதைத் தாண்டியவள், தோசையைத் திருப்புகிற மணிக்கட்டு என்று சொல்லத் தோன்றும், அவளுடையது பான்கேக் மணிக்கட்டு. மூன்றாவது ஆள் ஹார்லன் டெஸ்கே. முப்பத்தொரு வருடம் ஊருக்குள் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது. இடுப்பு சரியில்லை, காதும் சரியில்லை. எறிவதும் சரியில்லை என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தபால்பையைச் சுமந்த பழக்கத்தில் ஒரு தோள் இன்னும் கீழேயே இருக்கும். அந்தக் கோணல் தோளோடு அவர் எறியும் தட்டு எங்கே போகும் என்று அவருக்கும் தெரியாது, தட்டுக்கும் தெரியாது.

லோவல் நீதிபதியான கதை இதுதான். எறியும்போது கால் கோட்டைத் தாண்டினால் சொல்வான். தட்டு விழுந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் சொல்வான். பரிசு கிடையாது, பந்தயம் கிடையாது, முடிந்ததும் போவது மூலைக்கடைப் பான்கேக்குக்கு. இதற்கு ஏன் இத்தனை கண்டிப்பு என்று பெவர்லி கேட்டால், "அப்புறம் எதுக்கு எண்றது? சும்மா நடந்துட்டுப் போலாமே" என்பான்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு. மூன்றாம் கூடைக்கு ஹார்லன் எறிந்த தட்டு நேராகப் போய், சங்கிலியில் படாமல், கூடையின் மேல் வளையத்தில் ஏறித் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்துகொண்டது. ஒரே எறியில் கூடையில் போடுவதை ஏஸ் என்பார்கள். ஆயுள் முழுக்க ஆடியும் அது வாய்க்காமல் போனவர்கள் உண்டு. பெவர்லி கத்திக் குதித்தாள். ஹார்லன் இரண்டு கையையும் தூக்கினார். லோவல் மெதுவாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு, "செல்லாது" என்றான்.

"ஏன்டா, மேலதானே இருக்கு!" என்றாள் பெவர்லி.

"மேல இருந்தா செல்லாது. உள்ள இருக்கணும், இல்ல சங்கிலில தொங்கணும். விதி."

"உன் விதில மண்ணப் போட!"

ஹார்லன் கையை இறக்கிக்கொண்டார். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், பெவர்லி. விடு" என்று சொல்லி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எக்கித் தட்டை எடுத்து, கூடைக்குள் மெதுவாகப் போட்டார். இரண்டு என்று எழுதிக்கொண்டார்.

விதிப்படி லோவல் சொன்னது சரிதான். அந்தக் கை இறங்கியது மட்டும் அவன் மனதில் எங்கோ ஒட்டிக்கொண்டு கிடந்தது.

போன வருடம் செப்டம்பரில் நடந்ததற்கு வருவோம். ஆறாம் கூடை ஒரு புல்மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. எறிகிற சிமெண்ட் மேடையிலிருந்து பார்த்தால் கூடை தெரியாது, மேடுதான் தெரியும். அதனால் ஒருவர் முன்னால் போய் மேட்டு மேல் நின்று, தட்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாக அந்த வேலை லோவலுடையது. வேறு யாரையும் நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

அன்று அவன் மேட்டில் நின்று, எறியலாம் என்று கையை அசைத்தான். அதே நேரம் பூங்காவை ஒட்டிய தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஊதிக்கொண்டு வந்தது. ஹார்லனின் பச்சைத் தட்டு மேட்டைத் தாண்டி அவன் தலைக்கு மேல் போய், சரிவில் இறங்கி, புல்லில் ஒரு தடவை துள்ளி, தண்ணீர்க் குழாயின் பச்சை மூடிக்குப் பக்கத்தில் சாதுவாகப் படுத்தது. கூடைக்கு எட்டுத் தப்படி. ஹார்லனின் கணக்குக்கு அபாரமான எறி.

லோவலுக்கு ஏனோ விளையாட்டுப் புத்தி வந்தது. விளையாட்டுப் புத்தி அவனுக்கு வருடத்துக்கு ஒருமுறைகூட வராது. பெவர்லிக்குத்தான் அடுத்தவர் தட்டைக் குப்பைத்தொட்டியில் ஒளித்துவைக்கிற வழக்கம் உண்டு. அன்று இவன் சரிவில் ஓடிப்போய்த் தட்டை எடுத்துக் கூடைக்குள் வைத்தான். கிழவர் வருவார், புல்லெல்லாம் தேடுவார், பெவர்லி குளம்வரை போய்ப் பார்ப்பாள், அப்புறம் "கூடைல பாத்தீங்களா?" என்று கேட்கலாம், சிரிக்கலாம், திரும்பவும் குழாய் மூடிக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்துவிடலாம். மொத்தமே ஒரு நிமிடக் கூத்து என்றுதான் நினைத்தான்.

தேடவே இல்லை. பெவர்லி மேட்டு உச்சிக்கு வந்ததும் அவள் கண் நேராகக் கூடைக்குத்தான் போனது. கம்பிக்கு நடுவே பச்சை பளிச்சென்று தெரிந்தது. அவள் போட்ட கூச்சலில் ரயில் சத்தமே அமுங்கிவிட்டது.

ஹார்லன் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றினார். சரிவில் நாலு எட்டு இறங்கினார். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாய் கோணியது. முப்பத்தொரு வருடம் நாய்க்கடியும் பனியும் பட்ட மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி விசும்புவதை லோவல் அதுவரை பார்த்ததில்லை.

"நீ பாத்தியா, லோவல்?" என்று கேட்டார். "உள்ள போனதப் பாத்தியா? மேல இல்லியே? உள்ளதானே?"

இப்போது சொல்லியிருக்கலாம். "சும்மா விளையாட்டுக்கு" என்று சொல்ல மூச்சு ஒன்று போதும். லோவல் வாயைத் திறந்தான். அந்த முகத்தைப் பார்த்தான்.

"பாத்தேன்" என்றான். "உள்ளதான்."

ஒருவர் ஏஸ் போட்டால் பார்த்தவர்கள் தட்டின் மேல் கையெழுத்துப் போடுவது வழக்கம். அதற்கப்புறம் அந்தத் தட்டை எறியக்கூடாது, சுவரில் மாட்டிவிட வேண்டும். பெவர்லி பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்துத் தன் பெயரைச் சின்னதாக எழுதினாள். "நான் கூடைல கெடந்ததத்தான் பாத்தேன். போனதப் பாத்தவன் நீதான். நீ பெருசாப் போடு, நீதிபதி" என்று பேனாவை நீட்டினாள். அவன் போட்டான். எழுத்து கோணிக்கொண்டு போனதைப் பார்த்து, "பாரு, அவனுக்கே பேர் எழுத வரல!" என்று ஹார்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பான்கேக் கடையில் எல்லோருக்கும் அன்று ஹார்லன் செலவு. கடையில் இருந்த ஒருவர் சந்தேகப்பட்டார். "யாரு, ஹார்லனா? ஏஸா? போன வாரம் என் கார் மேல எறிஞ்சாரே, அவரா?" பெவர்லி முள்கரண்டியால் லோவலைக் காட்டினாள். "சாட்சி யாருன்னு பாரு." அந்த மனிதர் லோவலைப் பார்த்தார். "ஓ, இவனா. அப்பச் சரி" என்று காபிக்குத் திரும்பிவிட்டார். பன்னிரண்டு வருடமாகச் சேர்த்துவைத்த பெயர், அந்த ஒரு பொய்க்குக் கைகட்டிச் சேவகம் செய்தது.

"சத்தம் எப்படி இருந்துச்சு?" என்று ஹார்லன் கேட்டார். "பாழாப்போன ரயில். இல்லாட்டியும் எனக்கு எங்க கேக்கப்போவுது. பக்கத்துல இருந்தவன் நீதானே, சொல்லு."

"ஜல்லுன்னு" என்றான் லோவல்.

"ஜல்லுன்னு!" என்று ஹார்லன் மேசையைத் தட்டினார்.

பொய் என்பது சும்மா கிடக்காது. தீனி கேட்கும். முதலில் "பாத்தேன்" என்ற ஒரு சொல். அடுத்த வாரம் கதையில் தட்டு லேசாக இடது பக்கம் சாய்ந்தது. கிறிஸ்துமஸுக்குள் காற்றே நின்றுபோய், தட்டு சங்கிலியின் நட்டநடுவில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. யாராவது கடைக்குப் புதிதாக வந்தால் ஹார்லன் லோவலைத்தான் சொல்லச் சொல்வார். தானே சொன்னால் பெருமை பேசுகிற மாதிரி இருக்குமாம். லோவல் சொல்லி முடிக்கும்போது, "சத்தம், சத்தத்த விட்டுட்டியே" என்பார். லோவல் ஜல் என்பான். வீட்டுக்குப் போனதும் குளியலறைக் கண்ணாடியைப் பார்க்காமல் பல் தேய்த்துவிட்டுப் படுப்பான்.

அதோடு விட்டதா? பெவர்லியின் தம்பி மரத்தில் எழுத்துச் செதுக்குகிறவன். ஒரு பலகை தயார் செய்து கொடுத்தான். ஹார்லன் டெஸ்கே, ஆறாம் கூடை, ஒரே எறி. கீழே சின்ன எழுத்தில் சாட்சி என்று லோவலின் பெயர். பூங்காவில் எதை மாட்டுவதானாலும் மாட்டுகிறவன் நகராட்சி ஆள்தானே. செவ்வாய்க்கிழமை காலை, சுற்றிலும் யாருமில்லாத நேரம் பார்த்து, நாலு திருகாணியை லோவலே முடுக்கினான். அதற்கப்புறம் வாரம் இரண்டு தடவை அந்தப் பலகையைத் தாண்டித்தான் புல் வெட்ட வேண்டும். குழாய் மூடிக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் வண்டியின் கத்தியைத் தூக்கிவிடுவான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் ஒரு முழத்துக்குப் புல் வளர்ந்து நின்றது. மேலதிகாரி ஒருமுறை அதைச் சுட்டிக்காட்டி, "என்னய்யா, வயசாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வசந்தத்தில் ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது லோவல் தோள் வலி என்றான். மேட்டில் நின்று கையசைப்பதிலிருந்து தப்ப அதுதான் வழி. கண்டிப்பும் போய்விட்டது. பெவர்லி ஒருநாள் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி ஒரு முழம் கால் வைத்து எறிந்து, திரும்பிப் பார்த்தாள். அவன் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நீதிபதி செத்துட்டாரா?" என்று கேட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் காலைப் பார்ப்பது? அடுத்த ஞாயிறு அவன் வரவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து ஹார்லன் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் அலுமினியத் தாள் மூடிய பாத்திரம், உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட ஹாட்டிஷ், இன்னும் சூடாக இருந்தது.

"தோள் எப்படிப்பா இருக்கு?"

"அப்படியேதான்" என்று லோவல் இடது தோளைத் தேய்த்தான்.

ஹார்லன் கொஞ்சம் யோசித்தார். "வலது தோளுன்னுல்ல பெவர்லி சொன்னா."

"ரெண்டும்தான்."

"ஐயோ பாவம்" என்றார் அவர். நிஜமாகவே சொன்னார். "டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். வண்டி ஓட்டாத. சாப்புடு, ஆறிடப்போவுது." அவர் போனதும் லோவல் அந்தப் பாத்திரத்தைச் சமையலறை மேசையில் வைத்து எதிரே உட்கார்ந்தான். பசித்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது. வீட்டில் யாருமே இல்லை, இருந்தும் சுட்டது.

இந்த வருடம் அக்டோபரில் நகராட்சி புதுக் கூடைகள் வாங்கியது. பழையவற்றைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட வேண்டும், வேலை லோவலுக்கு. ஹார்லன் அலுவலகத்தில் போய்ப் பேசி, ஆறாம் கூடையை மட்டும் தன் வீட்டுப் பின்கட்டில் நட்டுக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார். வியாழக்கிழமை மற்ற எட்டுக் கூடைகளும் லாரியில் ஏறிய பிறகு, மேட்டுக்கு அந்தப்பக்கம் லோவல் கடப்பாரையோடு நின்றிருந்தபோது அவர் நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார். இரண்டு காதிலும் புதிதாக ஏதோ மின்னியது.

"திங்கக்கெழம காது மெஷின் மாட்டுனாங்க" என்று காதைத் தொட்டுக் காட்டினார். "உனக்குத் தெரியுமா, என் ஃப்ரிட்ஜ் பாடுது! இருபது வருஷமா பாடுதாம், எனக்கு இப்பத்தான் தெரியுது. என் செருப்பு கீச்சு கீச்சுங்குது. பெவர்லி மூச்சு விடாமப் பேசுறான்னு மட்டும் முன்னாடியே தெரியும்." பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். "கொஞ்சம் தள்ளிக்க. புடுங்கறதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு. மூணு நாளா இதுக்குத்தான் காத்துட்டிருக்கேன். நீ பக்கத்துல இருக்கும்போதுதான் கேக்கணும்னு வெச்சிருந்தேன்."

கூடைக்கு இரண்டு அடி தள்ளி நின்று எறிந்தார். சங்கிலிகள் குலுங்கின. தட்டு கூடைக்குள் விழுந்தது. ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஒரு டிராயர் நெறயக் கரண்டியத் தரைல கொட்டுன மாதிரி இருக்கே" என்றார். "நீ ஜல்லுன்னுல்ல சொன்ன? தூரத்துலருந்து வந்தா வேற மாதிரி கேக்குமா? அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா, லோவல்?"

கடப்பாரை லோவல் கையில் கனத்தது. தலையாட்டினால் போதும். ஒரு வருடமாகத் தலையாட்டியவன்தானே. ஆனால் இந்த மனிதர் புதுக்காதோடு, அவன் என்ன சொன்னாலும் அதை அப்படியே எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகத் தயாராக நின்றார். பின்கட்டில் கூடையை நட்டு, தினமும் அந்தச் சங்கிலியை ஆட்டி, அதுதான் அன்று வந்த சத்தம் என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.

"சத்தம் வரல" என்றான்.

"என்னது?"

"சங்கிலில படவேயில்ல, ஹார்லன். புல்லுல விழுந்துச்சு. நான்தான் எடுத்துக் கூடைல வெச்சேன். வெளையாட்டுக்கு. நீ வந்து தேடுவ, சிரிக்கலாம்னு. அப்புறம் நீ ஒக்காந்துட்ட. எனக்கு வாய் வரல."

லோவல் அவர் காதைப் பார்த்தான்.

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்றார் அவர். "இன்னொரு தடவ சொல்லு."

லோவல் சொன்னான். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கேவலமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் அவனே நின்று கேட்க வேண்டியிருந்தது.

"அன்னிக்குப் பன்னண்டு பான்கேக்குக்குக் காசு குடுத்தேன்" என்றார் ஹார்லன் மெதுவாக. "என் மக அரிசோனாலருந்து ஃபோன்ல சந்தோஷத்துல அழுதா. கடைல நீ சத்தம் போட்டுக் காட்டுன. ஜல்லு, ஜல்லுன்னு. ஒரு தடவையா? எத்தன தடவ?"

"நெறயா."

"கூடை மேல தட்டு ஒக்காந்துச்சே ஒருநாளு, நீ செல்லாதுன்ன. பெவர்லிக்கு அப்படிக் கோவம். எனக்குத் துளி வருத்தம் கெடையாது. லோவல் சொன்னா அது அப்படித்தான்னு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குனேன்." அவர் தொப்பியைக் கழற்றி, எதற்குக் கழற்றினோம் என்று தெரியாதவர்போல் திரும்பப் போட்டுக்கொண்டார். "உன்ன நம்புறது எனக்கு ஒரு சவுகரியமா இருந்துச்சுடா."

லோவல் தலைகுனிந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. அந்தச் சொல் இதற்கெல்லாம் போதாது என்றும் தெரிந்தது.

"சரி, நான் எறிஞ்சது எங்க விழுந்துச்சு?" என்று ஹார்லன் கேட்டார். "அதையாவது சொல்லு. நான் என்ன எறிஞ்சேன்னு எனக்கே தெரியாமப் போச்சு பாரு."

பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி மேட்டில் ஏறிப் போய்விட்டார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. லோவல் கூடையைப் பிடுங்கவில்லை, லாரிக்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். வாத்துகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. அவர் திரும்பி வரமாட்டார் என்று அரைமணி நேரத்தில் முடிவே செய்துவிட்டான்.

வந்தார். கையில் அந்தப் பச்சைத் தட்டு, சுவரில் மாட்டியிருந்த கம்பி இன்னும் அதில் தொங்கியது. கம்பியைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டார்.

"எங்க?"

லோவல் குழாய் மூடியை நோக்கி நடந்தான். ஊரிலேயே அந்த ஒரு முழ இடத்தை அவனுக்குத் தெரிந்ததுபோல் வேறு எதையும் தெரியாது. நெட்டைப் புல்லுக்கு நடுவில் கால் விரலால் தொட்டான். "இங்க."

ஹார்லன் புல்லைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். எட்டுத் தப்படி. "மேட்டத் தாண்டி இங்கயா விழுந்துச்சு?" என்றார். ஒரு கணம் அவர் முகத்தில் பழைய வெளிச்சம் எட்டிப்பார்த்தது. "நல்ல எறிதானேடா அது! இதச் சொல்லியிருந்தாலே நான் சந்தோஷப்பட்டிருப்பேனே."

லோவலுக்கு அதுதான் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எங்க திரும்புற? பாரு. பாக்கறதுதானே உன் வேல" என்றார் ஹார்லன். "நான் இந்தக் கூடைய இன்னும் முடிக்கல."

கோணல் தோளைச் சரிசெய்துகொண்டு, அந்த நெட்டைப் புல்லிலிருந்தே, ஒரு வருடமாகப் பாதியில் நின்ற ஆட்டத்தின் அடுத்த எறியை எறிந்தார். தட்டு கம்பத்தில் டங்கென்று மோதிக் கீழே விழுந்தது. நொண்டிக்கொண்டே போய் எடுத்து, கூடைக்குள் போட்டார். சங்கிலி லேசாகத்தான் ஆடியது.

"எத்தன?" என்று கேட்டார்.

"மூணு" என்றான் லோவல்.

"மூணு" என்று அவரும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தட்டைப் புரட்டி, அதில் கோணிக்கொண்டு போன அந்தக் கையெழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். அழியவில்லை. "பலகைய நீதான் முடுக்குன, நீயே கழட்டு. பெவர்லிகிட்ட நீயே சொல்லு. கடைல வெச்சு, எல்லாரும் இருக்கும்போது. நான் சொல்ல மாட்டேன்."

"சரி."

"கூடைய என் வீட்டுலயே எறக்கு. எட்டுத் தப்படிலருந்து கம்பத்துல அடிக்கிறேன், பழகணும்." மேட்டில் பாதி ஏறியவர் நின்று திரும்பினார். "ஞாயித்துக்கெழம தோள் வலி கீல் வலின்னு சொல்லாத. எட்டு மணிக்கு வந்துடு."

லோவல் நிமிர்ந்து பார்த்தான்.

"மேட்டு மேல பெவர்லி நிப்பா" என்றார் ஹார்லன்.

லோவல் தலையாட்டினான். அவர் மேட்டுக்கு அந்தப்பக்கம் மறைந்த பிறகு, லாரிக்குப் போய்த் திருப்புளியை எடுத்துக்கொண்டு பலகையை நோக்கி நடந்தான்.